பிளஸ் டூ படிக்கும்போதே கல்லூரிகளை நேரில் பார்ப்பது: எப்போது போகலாம், உள்ளே எதைப் பார்க்கலாம்? (சென்னை, புறநகர்)

பல்லாவரம்_பிளஸ்டூ
வணக்கம். பிளஸ் டூ, கணிதம்–கம்ப்யூட்டர் சயின்ஸ் குரூப். இன்ஜினியரிங் முதல் விருப்பம். நினைத்த இடம் கிடைக்காவிட்டால் பி.காம். அல்லது பி.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸ். சேரும் முன் கல்லூரியை நேரில் பார்த்துவிட வேண்டும் என்று வீட்டில் முடிவு செய்திருக்கிறோம். பட்டியலில் இப்போது 18 கல்லூரி. எப்போது போவது, ஒரு நாளில் எத்தனை பார்க்க முடியும், உள்ளே யாரிடம் என்ன கேட்பது? கட்டடமும் புல்வெளியும் எல்லா இடத்திலும் நன்றாகத்தான் இருக்கின்றன. அதைத் தாண்டி எதைப் பார்ப்பது என்று விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கட்ஆஃப்_கணக்கு
முதலில் 18-ஐ 6 ஆக்குங்கள் தங்கச்சி. அதற்குக் காலாண்டு மதிப்பெண் போதும். கட்ஆஃப் 200-க்கு: கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50. கணிதம் 96, இயற்பியல் 92, வேதியியல் 94 வாங்கினால் 96 + 46 + 47 = 189. எந்தக் கல்லூரியில் எந்த பிராஞ்ச் எந்தக் கட்ஆஃபோடு முடிந்தது என்று ஓசி, பிசி, பிசிஎம், எம்பிசி, எஸ்சி, எஸ்சிஏ, எஸ்டி எனப் பிரித்து முந்தைய ஆண்டு விவரம் டிஎன்இஏ (தமிழ்நாடு இன்ஜினியரிங் சேர்க்கைக் கவுன்சலிங்) இணையதளத்தில் இருக்கிறது. உங்கள் கம்யூனிட்டி, உங்கள் பிராஞ்ச் இரண்டை மட்டும் பாருங்கள். ஒரே கல்லூரியில் கம்ப்யூட்டர் சயின்ஸுக்கும் சிவிலுக்கும் பெரிய இடைவெளி இருக்கும். கல்லூரிப் பெயரை வைத்துக் கிடைக்கும், கிடைக்காது என்று முடிவு கட்டாதீர்கள்.

உங்கள் கணக்கைவிட 3, 4 மதிப்பெண் மேலே முடிந்தவை 2, ஒட்டி முடிந்தவை 3, நிச்சயம் கிடைக்கக்கூடியது 1. அந்தக் கடைசி ஒன்றைத்தான் பெரும்பாலோர் பார்க்காமலே விடுகிறார்கள். ஆனால் மதிப்பெண் கொஞ்சம் சறுக்கினால் போய்ச் சேர வேண்டியது அங்கேதான். அதை முதலில் பாருங்கள்.

அரசுப்பள்ளி_ஆசிரியை
பட்டியல் சரி. தேதியில்தான் எல்லோரும் கோட்டை விடுகிறார்கள். ரிசல்ட் வந்த பிறகு மே, ஜூனில் போனால் இன்ஜினியரிங் கல்லூரிகளில் செமஸ்டர் தேர்வோ விடுமுறையோதான் இருக்கும். வகுப்பு நடக்காது, லேப் பூட்டியிருக்கும், பேச மாணவர்களே இருக்க மாட்டார்கள். அட்மிஷன் கவுன்டர் மட்டும் திறந்திருக்கும். அரையாண்டு விடுமுறையும் அப்படித்தான். டிசம்பர் கடைசியில் அங்கேயும் செமஸ்டர் லீவு.

நமக்கு வாய்ப்பது இரண்டு சமயம். ஒன்று, செப்டம்பர் கடைசி, அக்டோபர் முதலில் வரும் காலாண்டு விடுமுறை. காந்தி ஜெயந்தி, ஆயுத பூஜை நாட்களை மட்டும் தவிர்த்துவிடுங்கள். இன்னொன்று, மார்ச்சில் பொதுத்தேர்வு முடிந்ததும் வரும் இரண்டு வாரம். அப்போது பல கல்லூரிகளில் வகுப்பு நடந்துகொண்டிருக்கும். சனிக்கிழமை போவதானால் அன்று வேலைநாளா என்று போனில் கேட்டுக்கொள்ளுங்கள்.

கலை அறிவியல் கல்லூரிகளை இன்னும் முன்பே பார்க்க வேண்டும். பிளஸ் டூ முடிவு 2023-இல் மே 8, 2024-இல் மே 6, 2025-இல் மே 8 என்று வந்தது. தனியார் கலைக் கல்லூரிகளில் அந்த வாரமே சேர்க்கை சூடுபிடித்துவிடும். இன்ஜினியரிங் கவுன்சலிங் முடியும்வரை அந்த பி.காம். இடம் காத்திருக்காது. கவுன்சலிங்கிலும் சாய்ஸ் ஃபில்லிங்குக்கு (விரும்பும் கல்லூரி, பிராஞ்சை வரிசைப்படுத்திப் பதிவதற்கு) ஒவ்வொரு சுற்றிலும் சில நாட்கள்தான் தருவார்கள். அந்த நாட்களில் ஊர் சுற்றிப் பார்க்க நேரமே இருக்காது.

அரசுப் பள்ளிப் பிள்ளைகள் யாராவது இதைப் படித்தால்: நான் முதல்வன் திட்டத்தில் பிளஸ் டூ மாணவர்களைக் கல்லூரிக் களப்பயணம் அழைத்துப் போகிறார்கள். உங்கள் பள்ளியில் எப்போது என்று தலைமை ஆசிரியரிடம் கேளுங்கள். அந்தப் பயணத்தில் பார்த்த கல்லூரி பிடித்திருந்தால், பெற்றோரோடு இன்னொரு முறை தனியாகப் போங்கள். 7.5 சதவீத ஒதுக்கீட்டில் இடம் கிடைத்தால் படிப்புக் கட்டணம், விடுதிக் கட்டணம் இரண்டையும் அரசே ஏற்கிறது. கட்டணத்துக்குப் பயந்து பெரிய கல்லூரியைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடாதீர்கள்.

ஓஎம்ஆர்_பெற்றோர்
ஒரு நாளைக்கு இரண்டுதான். ஒரே பாதையில் இருப்பவற்றைச் சேர்த்துப் போடுங்கள். பல்லாவரத்திலிருந்து மின்சார ரயிலில் ஏறினால் குரோம்பேட்டையில் எம்ஐடி, தாம்பரத்தில் எம்சிசி, வண்டலூரில் கிரசென்ட், பொத்தேரியில் எஸ்ஆர்எம். எல்லாமே ஒரே தடம். ஓஎம்ஆர் பக்கம் சத்யபாமா, செயின்ட் ஜோசப்ஸ், படூரில் இந்துஸ்தான், காலவாக்கத்தில் எஸ்எஸ்என். வண்டலூர்–கேளம்பாக்கம் சாலையில் விஐடி. பெங்களூரு நெடுஞ்சாலையில் ராஜலட்சுமி, ஸ்ரீபெரும்புதூரை ஒட்டி எஸ்விசிஇ. இந்த மூன்று திசையையும் ஒரே நாளில் கலந்தீர்களானால் பஸ்ஸிலேயே பொழுது போய்விடும்.

வீட்டிலிருந்து தினமும் போய்வரப் போகிறவர்கள் காரில் போகாதீர்கள். கல்லூரி தொடங்கும் நேரத்துக்குப் போய்ச் சேரும்படி, வேலைநாள் காலையில், தினமும் எதில் போவீர்களோ அதிலேயே போங்கள். ஞாயிற்றுக்கிழமை ஓஎம்ஆரும் திங்கள் காலை ஓஎம்ஆரும் வேறு வேறு. மெட்ரோ வேலை நடக்கும் இடங்களில் இன்னும் மோசம். கல்லூரி பஸ் என்றால் உங்கள் ஸ்டாப்பில் காலை எத்தனை மணிக்கு வரும், சாயங்காலம் எத்தனை மணிக்குக் கிளம்பும், 5 மணிக்குப் பிறகு லேப்பில் இருந்தால் அடுத்த பஸ் உண்டா என்று மூன்றையும் கேளுங்கள். மூன்றாவது கேள்விக்கு "இல்லை" என்று வந்தால், பிராஜெக்ட், கிளப், பிளேஸ்மென்ட் பயிற்சி எல்லாவற்றையும் பஸ் நேரம்தான் தீர்மானிக்கும். பஸ் கட்டணம் ஆண்டுக்கு ஆண்டு தனி. படிப்புக் கட்டணத்தில் சேராது.

இன்னொரு சமயமும் உண்டு. அக்டோபர், நவம்பரில் பெருமழை பெய்து முடிந்து கல்லூரி திறந்த முதல் நாள். பள்ளிக்கரணை, செம்மஞ்சேரி, முடிச்சூர் பக்கமெல்லாம் எந்தச் சாலையில் தண்ணீர் நிற்கிறது, விடுதியின் தரைத்தளச் சுவரில் ஈரம் எவ்வளவு உயரம் ஏறியிருக்கிறது என்று அன்றைக்குத்தான் தெரியும்.

லேப்_டெக்னீஷியன்
உள்ளே எதைப் பார்ப்பது என்ற கேள்விக்கு வருகிறேன். அட்மிஷன் ஆபீஸில் ஒரு வாரம் முன்பே போன் செய்து, "பிளஸ் டூ மாணவி, இந்த டிபார்ட்மென்ட்டைப் பார்க்க வேண்டும், லேப் நடக்கும் நேரத்தில் வர விரும்புகிறோம்" என்று சொல்லுங்கள். பெயர், தேதி, அனுமதி தந்தவரின் பதவி மூன்றையும் குறித்துக்கொண்டு போங்கள். கேட்டில் செக்யூரிட்டி அதைத்தான் கேட்பார். பள்ளி அடையாள அட்டை கையில் இருக்கட்டும். சுற்றிக்காட்டுபவர் ஆடிட்டோரியம், நீச்சல் குளம், ஏசி செமினார் ஹால் என்று அழைத்துப் போவார். பார்த்துவிட்டு, "முதலாமாண்டு, இரண்டாமாண்டு லேப் பார்க்கலாமா சார்?" என்று கேளுங்கள்.

கம்ப்யூட்டர் லேப்: ஒரு செக்‌ஷன் 60 பேர் என்றால் இரண்டு பேட்ச் ஆக்கி, 30 பேருக்கு 30 சிஸ்டம் ஓட வேண்டும். மேசையில் எத்தனை இருக்கிறது என்று எண்ணாதீர்கள், எத்தனை ஆன் ஆகியிருக்கிறது என்று எண்ணுங்கள். ஒரே சிஸ்டத்தில் இரண்டு பேர் உட்கார்ந்திருந்தால் ஏன் என்று கேளுங்கள். சாயங்காலம் லேப் திறந்திருக்குமா, சொந்த லேப்டாப்புக்கு வைஃபை உண்டா என்பதும் கேட்க வேண்டியவை.

எலக்ட்ரானிக்ஸ்: அலமாரியில் ஆசிலோஸ்கோப் வரிசையாக இருக்கும், புரோப் (சர்க்யூட்டோடு இணைக்கும் வயர்) இருக்காது. புரோப் இல்லாவிட்டால் அந்தக் கருவி வெறும் பெட்டி. ஒரு மேசைக்கு எத்தனை பேர் என்று பாருங்கள். 2, 3 வரை பரவாயில்லை, 5 பேர் என்றால் ஒருவர் செய்ய நால்வர் ரெக்கார்டில் காப்பி எழுதுவார்கள்.

மெக்கானிக்கல்: லேத் மெஷினுக்கு அடியில் பாருங்கள். இரும்புச் சுருள், எண்ணெய்க் கறை இருந்தால் மெஷின் ஓடுகிறது. பளபளவென்று பெயின்ட் அடித்து, சக்கில் (இரும்பைப் பிடித்துச் சுழற்றும் பகுதியில்) தூசி படிந்திருந்தால் இன்ஸ்பெக்‌ஷனுக்கு மட்டும் திறக்கும் ஒர்க்ஷாப் அது.

சிவில்: கான்கிரீட் க்யூப் அடுக்கி வைத்திருக்கும் மூலைக்குப் போங்கள். 150 மில்லிமீட்டர் கட்டி ஒவ்வொன்றிலும் வார்த்த தேதி எழுதியிருப்பார்கள். 7 நாள், 28 நாள் கழித்து உடைத்துப் பார்ப்பது வழக்கம் என்பதால், நடக்கிற லேப்பில் இந்த மாதத் தேதி கட்டாயம் இருக்கும். சர்வே லேப்பில் டோட்டல் ஸ்டேஷன் (நில அளவைக் கருவி) எத்தனை, ஒரு பேட்ச்சுக்கு எத்தனை வெளியே போகிறது என்று கேளுங்கள்.

வேதியியல் லேப்புள்ள பி.எஸ்சி. படிப்புக்கு: ஃபியூம் ஹூட் (ரசாயனப் புகையை வெளியே இழுக்கும் கூண்டு) சுவிட்சைப் போட்டுக் காட்டச் சொல்லுங்கள்.

அடுத்தது நூலகம். உங்கள் பாடப் புத்தகம் ஒன்றை எடுத்துக் கடைசிப் பக்கச் சீட்டில் முத்திரைத் தேதியைப் பாருங்கள். கணினிமயமாகிவிட்டது என்றால் எத்தனை மணிவரை திறந்திருக்கும், தேர்வுக் காலத்தில் எத்தனை மணிவரை என்று கேட்டால் போதும்.

டீன்_அலுவலகம்_ஓய்வு
லேப்புக்குச் சமமாக ஆசிரியர்களைப் பாருங்கள் என்பேன். இன்ஜினியரிங் இளநிலைப் படிப்புக்கு ஏஐசிடிஇ (அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் கவுன்சில்) விதி 20 மாணவருக்கு ஒரு ஆசிரியர். ஒரு பிராஞ்சில் ஆண்டுக்கு 120 இடம், நான்கு ஆண்டுக்கு 480 பேர் என்றால் 24 ஆசிரியர் வேண்டும். கல்லூரி இணையதளத்தில் உள்ள ஆசிரியர் பட்டியலை அச்செடுத்துக் கொண்டு போங்கள். ஸ்டாஃப் ரூம் வாசலில் உள்ள பெயர்ப் பலகை, வகுப்பறைக் கதவில் ஒட்டிய டைம்டேபிள் இரண்டோடும் ஒப்பிடுங்கள். பட்டியலில் 24 பெயர் இருந்து டைம்டேபிளில் 11 பெயர்தான் திரும்பத் திரும்ப வருகிறது என்றால், மீதிப் பேர் என்ன பாடம் எடுக்கிறார்கள் என்று டிபார்ட்மென்ட் தலைவரிடம் மரியாதையாகக் கேட்கலாம். ஒரே ஆசிரியர் பெயர் பல கல்லூரிகளின் கணக்கில் இருந்ததை 2024-இல் ஊழல் எதிர்ப்பு அமைப்பான அறப்போர் இயக்கம் வெளியே கொண்டுவந்தது நினைவிருக்கும். அதன் பிறகும் இந்த ஒப்பீட்டைச் செய்யாமல் சேர்வது சரியல்ல.

நாக், என்பிஏ என்ற இரண்டு தரச் சான்றுகளையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். நாக் கிரேடு முழுக் கல்லூரிக்கும். என்பிஏ ஒவ்வொரு பிராஞ்சுக்கும் தனித்தனி, அதற்குக் காலாவதித் தேதி உண்டு. "நாங்கள் என்பிஏ கல்லூரி" என்று சொன்னால், "கம்ப்யூட்டர் சயின்ஸுக்கு எந்த ஆண்டுவரை?" என்று கேளுங்கள். ஏஐ, டேட்டா சயின்ஸ் என்று புதிதாக வந்த பிராஞ்சுகளுக்குப் பெரும்பாலும் இன்னும் இருக்காது. முதல் பேட்ச் வெளியே போய்விட்டதா என்றும் கேளுங்கள்.

அட்டானமஸ் (தன்னாட்சி) கல்லூரியின் தேர்ச்சி விகிதத்தையும், அண்ணா பல்கலைக்கழகத் தேர்வு எழுதும் கல்லூரியின் தேர்ச்சி விகிதத்தையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடாதீர்கள். முன்னது தானே கேள்வித்தாள் தயாரிக்கிறது. அங்கே 92 சதவீதம், இங்கே 61 சதவீதம் என்றால் இரண்டும் ஒரே அளவுகோலில் வந்தவை அல்ல.

கட்ஆஃப்_கணக்கு
பிளேஸ்மென்ட் பற்றி யாரும் தொடவில்லை. வாசலில் பெரிய பேனரில் அதிகபட்ச சம்பளம் போட்டிருப்பார்கள். அது ஒரு மாணவருக்குக் கிடைத்தது. என்ஐஆர்எஃப்-க்கு (மத்திய அரசின் கல்லூரித் தரவரிசைக்கு) அனுப்பிய விவரத்தைக் கல்லூரிகள் தங்கள் இணையதளத்தில் வெளியிட வேண்டும். அதில் எத்தனை பேர் சேர்ந்தார்கள், உரிய காலத்தில் எத்தனை பேர் முடித்தார்கள், எத்தனை பேருக்கு வேலை, மீடியன் சம்பளம் (வரிசைப்படுத்தினால் நடுவில் வருவது) எவ்வளவு, எத்தனை பேர் மேற்படிப்பு என்று வரிசையாக இருக்கும்.

உதாரணத்துக்கு, சேர்ந்தது 900, உரிய காலத்தில் முடித்தது 700, வேலை 400, மேற்படிப்பு 60 என்று வைத்துக்கொள்வோம். பேனரில் 95 சதவீதம் இருக்கலாம். அது அரியர் இல்லாமல், பதிவும் செய்து, தகுதி பெற்றவர்களில் 95. சேர்ந்தவர்களில் கணக்குப் போட்டால் 44 சதவீதம். இரண்டு எண்ணையும் எழுதிக்கொண்டு போய் பிளேஸ்மென்ட் ஆபீஸில் வித்தியாசம் ஏன் என்று கேளுங்கள். நன்றாக நடத்துகிற இடத்தில் விளக்கமாகச் சொல்வார்கள், பிராஞ்ச் வாரியாகவும் தருவார்கள்.

பெண்கள்_விடுதி_வார்டன்
மகளுடன் வருகிற பெற்றோருக்கு: ஆண்களை விடுதிக்குள் விட மாட்டார்கள். அம்மா, அக்கா, சித்தி யாராவது உடன் வரட்டும். அறையில் எத்தனை பேர், விடுதிக் கட்டணத்தில் மெஸ் சேர்த்தியா, லீவு நாட்களுக்கு மெஸ் பணம் கழிப்பார்களா, இரவு எத்தனை மணிக்குள் திரும்ப வேண்டும், ஊருக்குப் போக யாருடைய கையெழுத்து வேண்டும், காய்ச்சல் வந்தால் ராத்திரி யார் கூட்டிப் போவார்கள் என்று கேளுங்கள். ஓஎம்ஆர் பக்கம் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்பது பெரிய கேள்வி. லாரித் தண்ணீர் என்றால் ஏப்ரல், மே மாதங்களில் குளிக்க எத்தனை மணி நேரம் வரும் என்று விடுதிப் பெண்களிடமே கேட்டுவிடுங்கள்.

வகுப்பறைக் கட்டடத்தில் மூன்றாம் மாடிப் பெண்கள் கழிப்பறையைப் பிற்பகல் 3 மணிக்குப் போய்ப் பாருங்கள். தரைத்தளத்தில் இருப்பது வருகிறவர்களுக்காகச் சுத்தமாக இருக்கும். குழாயில் தண்ணீர், தாழ்ப்பாள், நாப்கின் போட மூடி வைத்த தொட்டி, இந்த மூன்றும் இருக்கிறதா? நான்கு வருடம் தினமும் 8 மணி நேரம் இருக்கப் போகிற இடம். தண்ணீர் குடிக்காமல் இருந்தே பிள்ளைகள் நோய் வாங்கிக்கொள்கிறார்கள்.

சாய்தளம்
என் தம்பி வீல்சேரில் போகிறவன். அடுத்த வருடம் பிளஸ் டூ. எதைத் தனியாகப் பார்க்க வேண்டும்?

லேப்_டெக்னீஷியன்
சாய்தளம் இருக்கிறதா என்பதோடு நிறுத்தாதீர்கள் சார். 12 அடிக்கு 1 அடிக்கு மேல் ஏறினால் தனியாகத் தள்ள முடியாது. லிஃப்ட் இருந்தால் சாவி யாரிடம், மாணவர் பயன்படுத்தலாமா, கரன்ட் போனால் ஜெனரேட்டரில் ஓடுமா என்று கேளுங்கள். முதலாமாண்டு வகுப்பு, லேப், தேர்வு அறை, கழிப்பறை நான்கையும் தம்பியை வீல்சேரிலேயே அழைத்துப் போய்ப் பாருங்கள். லேப் மேசை உயரம் பலரும் மறப்பது. வகுப்பைத் தரைத்தளத்துக்கு மாற்றித் தருவோம் என்று சொன்னால் அதை மின்னஞ்சலில் எழுதித் தரச் சொல்லுங்கள்.

பிகாம்_வழிகாட்டி
கலைக் கல்லூரிக்கு லேப் அளவுகோல் பொருந்தாது. அங்கே முதல் கேள்வி: இந்த பி.காம். எய்டடா, செல்ஃப் ஃபைனான்ஸா? அரசு உதவி பெறும் பிரிவுக்கும் சுயநிதிப் பிரிவுக்கும் ஒரே கல்லூரிக்குள்ளேயே கட்டணம் பல மடங்கு வேறுபடும். ஷிஃப்டும் மாறலாம். காலை ஷிஃப்ட் மதியத்தோடு முடியும். சிஏ, சிஎம்ஏ படிக்க நினைப்பவர்களுக்கு அது வசதி. மதிய ஷிஃப்ட் என்றால் சாயங்காலம் இருட்டிய பிறகு வீடு திரும்ப வேண்டும்.

பி.காம்.-இல் ஜெனரல், கார்ப்பரேட் செக்ரட்டரிஷிப், அக்கவுன்டிங் அண்ட் ஃபைனான்ஸ் என்று பல உண்டு. பாடத்திட்டத்தை வாங்கி ஆறு செமஸ்டரையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பெயர் வேறாக இருந்தாலும் பல பாடங்கள் ஒன்றாகவே இருக்கும்.

பயணச் செலவையும் சேருங்கள். லயோலா நுங்கம்பாக்கம் ரயில் நிலையத்தை ஒட்டி, எம்சிசி தாம்பரம் நிலையத்துக்கு எதிரே. பல்லாவரத்துக்கு இரண்டும் ஒரே ரயிலில், சீசன் டிக்கெட்டில் முடிந்துவிடும்.

அரசுப்பள்ளி_ஆசிரியை
மாணவர்களிடம் பேசுவது பற்றி: மதியம் 12.30-லிருந்து 1.30-க்குள் கேன்டீனுக்குப் போங்கள், சுற்றிக்காட்டுபவர் இல்லாமல். மூன்றாமாண்டு படிப்பவர்கள்தான் சரி. "காலேஜ் நல்லா இருக்கா அண்ணா?" என்றால் "நல்லாருக்கும்மா" என்றுதான் வரும். "இந்த செமஸ்டர்ல எந்த சப்ஜெக்ட்டுக்கு நடுவுல சார் மாறினாங்க?", "போன வாரம் எந்த லேப் கேன்சல் ஆச்சு?", "எதுக்கெல்லாம் ஃபைன் போடறாங்க?" என்று கேளுங்கள். அப்படியே நோட்டீஸ் போர்டையும் முழுசாகப் படியுங்கள். அபராதச் சுற்றறிக்கை, இன்டர்னல் மார்க், ராகிங் தடுப்புக் குழுவின் பெயர்களும் போன் எண்ணும் அங்கே இருக்க வேண்டும். தேசிய உதவி எண் 1800-180-5522.

பல்லாவரம்_பிளஸ்டூ
எல்லோருக்கும் ரொம்ப நன்றி. இரண்டு சந்தேகம். போகும்போது ஒரிஜினல் சர்டிபிகேட் எடுத்துப் போக வேண்டுமா? "இப்பவே அட்வான்ஸ் கட்டினால் சீட் பிளாக் பண்ணலாம்" என்று சொன்னால்?

டீன்_அலுவலகம்_ஓய்வு
பார்க்கப் போகும் நாளில் ஒரிஜினல் எதுவும் வேண்டாம். பத்தாம் வகுப்பு, பதினொன்றாம் வகுப்பு மதிப்பெண் நகல் ஒரு செட் போதும்.

அட்வான்ஸ் கட்டாதீர்கள். டிஎன்இஏ இடத்தைக் கல்லூரி பிளாக் செய்து தர முடியாது. கவுன்சலிங்கில் மட்டுமே ஒதுக்கீடு. மேனேஜ்மென்ட் கோட்டா தனி. அதிலும் நிர்ணயித்த கட்டணத்துக்கு மேல் கேட்பது 1992-ஆம் ஆண்டின் தமிழ்நாடு நன்கொடைத் தடைச் சட்டப்படி குற்றம். வளாக வாசலில் நின்று "நான் பேசித் தரேன்" என்பவர்களிடம் போன் எண் தராதீர்கள்.

எஸ்ஆர்எம், விஐடி போன்ற நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் தங்கள் நுழைவுத்தேர்வை நடத்தி, டிஎன்இஏ தொடங்கும் முன்பே பணம் கட்டச் சொல்லும். அங்கே கட்டுவதானால், விலகினால் எந்தத் தேதிவரை எவ்வளவு திரும்ப வரும் என்று எழுத்தில் வாங்குங்கள். ஒரிஜினலைச் சரிபார்த்துத் திருப்பித் தர வேண்டும், பிடித்து வைக்கக் கூடாது என்று யுஜிசியின் (பல்கலைக்கழக மானியக் குழு) 2018 அறிவிக்கை சொல்கிறது. கட்டணம் திருப்பித் தருவதற்கும் அதில் விதி உண்டு. தேதிகளை யுஜிசி அந்தந்த ஆண்டு அறிவிக்கும்.

பல்லாவரம்_பிளஸ்டூ
சரி சார். தேர்வு முடிந்த அடுத்த வாரம் திட்டம் இப்படி: செவ்வாய் காலை எம்ஐடி, மதியம் கிரசென்ட். புதன் முழுக்க காலவாக்கம் பக்கம். வியாழன் காலை நுங்கம்பாக்கத்தில் பி.காம்., மதியம் கிண்டி இன்ஜினியரிங் கல்லூரி. சரியா?

பிகாம்_வழிகாட்டி
வியாழனை மட்டும் திருப்பிப் போடுங்கள். நீங்கள் விண்ணப்பிக்கப் போகும் பி.காம். மதிய ஷிஃப்ட் என்றால் காலையில் போனால் அந்த வகுப்பும் இருக்காது, அந்த ஆசிரியர்களும் இருக்க மாட்டார்கள். காலை 9 மணிக்கு கிண்டி, ஒரு மணிக்கு ரயில் பிடித்து நுங்கம்பாக்கம். எந்த ஷிஃப்ட் என்று புதன்கிழமையே போன் போட்டுக் கேட்டுவிடுங்கள்.